ஆட்சிக்குப் பாட்டெழுதிய அரசகுமாரனா? பெத்ரே குருஸின்ஸ்கி பற்றி ஒரு விவாதம்

2 பிப்ரவரி 2024 – வாசகர் ஒருவர் எழுதியது

"ஜார்ஜியாவின் கடைசி ராஜா வழியில் வந்தவர் பெத்ரே குருஸின்ஸ்கி. சோவியத் ஆட்சிக்காலம் முழுக்கத் தலைநகர் திபிலீசியிலேயே இருந்தார். சினிமாவுக்குப் பாட்டெழுதினார். அரசாங்கப் பட்டமும் வாங்கினார். தன் குலத்தை அழித்தவர்களிடமே கூலி வாங்கிய ஆளை எதற்குக் கொண்டாடுகிறீர்கள்?"

3 பிப்ரவரி, காலை

கூலி என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. வருடங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

ஜார்ஜியா 1918 மே 26 அன்று தனிக் குடியரசாக அறிவித்துக்கொண்டது. பெத்ரே பிறந்தது 1920 மார்ச் 28. செம்படை திபிலீசிக்குள் நுழைந்தது 1921 பிப்ரவரி 25. அதாவது அவர் சுதந்திர நாட்டில் வாழ்ந்தது பதினோரு மாதம், அதுவும் தொட்டிலில். அப்பா 1922-ல் இறந்துவிட்டார். பிள்ளைக்கு இரண்டு வயது. 1924-ல் நடந்த கிளர்ச்சியை ஆட்சி ரத்தத்தில் முக்கி அடக்கியது. சுடப்பட்டவர்களில் பழைய பிரபுக் குடும்பத்து ஆட்கள் நிறைய. பெத்ரேவுக்கு அப்போது நான்கு வயது. ஸ்டாலின் ஆட்சி எழுத்தாளர்களைக் கொன்ற 1937-ல் பதினேழு. 1940களில் சோவியத்துக்கு எதிரானவர் என்று கைதாகி உள்ளே போய்விட்டு வந்தார்.

இதில் எந்த இடத்தில் உட்கார்ந்து அவர் பேரம் பேசியிருக்க முடியும்? குலத்தை அழித்தவர்களிடம் என்கிறீர்கள். அவருக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்த ஊரில் இருந்தது அந்த ஓர் ஆட்சிதான்.

3 பிப்ரவரி, இரவு

"ராஜா வழி என்றால் எத்தனை தலைமுறை தள்ளி?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நம் கணக்கிலேயே சொல்கிறேன். அப்பா பெயரும் பெத்ரே, பிறந்தது 1857. பாட்டன் அலெக்சாண்டர். பூட்டன் பக்ரத். ஓட்டன் பன்னிரண்டாம் கியோர்கி, கார்ட்லி-காகேதி அரசின் கடைசி ராஜா, பிறந்தது 1746. ஐந்து தலைமுறையில் நூற்றெழுபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. அப்பாவுக்கு அறுபது தாண்டிய பிறகு பிறந்த பிள்ளை இவர் என்பதுதான் காரணம்.

வம்சத்தின் பெயர் பக்ரதியோனி. எந்த ஆட்சி எழுதிவைத்த பெயரில் இவர் வாழ்ந்தார் என்பது தனிக் கதை. நாளைக்கு எழுதுகிறேன்.

5 பிப்ரவரி

நேற்று இரவு டியூட்டி, எழுத முடியவில்லை.

ஜார்ஜியர்கள் தங்களை ஜார்ஜியர் என்று சொல்லிக்கொள்வதில்லை. அவர்கள் மொழியில் அவர்கள் 'கார்த்வேலி', நாடு 'சகார்த்வேலோ'. ரஷ்ய மொழியில்தான் நாட்டுக்கு 'குரூஸியா' என்று பெயர். 1783-ல் கியோர்கியெவ்ஸ்க் உடன்படிக்கை போட்டு, பாரசீகம் வந்தால் காப்பாற்றுவோம் என்றது ரஷ்யா. 1795-ல் ஆகா முகமது கான் வந்து திபிலீசியைக் கொளுத்தியபோது உதவிக்குப் படை வரவில்லை. 1800 டிசம்பரில் பன்னிரண்டாம் கியோர்கி செத்தார். அடுத்த வருடமே நாட்டைத் தன்னுடையது என்று அறிவித்தது ஜார் ஆட்சி. ராஜ குடும்பத்தை ஆள் ஆளாகப் பிடித்து ரஷ்யாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அவர்களுக்கு ஒட்டிய குடும்பப் பெயர்தான் குருஸின்ஸ்கி. ரஷ்ய மொழியில் 'ஜார்ஜியாவைச் சேர்ந்தவர்', அவ்வளவுதான் பொருள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆயிரம் வருடம் ஆண்ட குடும்பம். அதன் பெயரை எடுத்துவிட்டு, 'இந்த ஊர்க்காரன்' என்பதை வேற்று மொழியில் எழுதிக் கழுத்தில் மாட்டிவிடுகிறார்கள். பெத்ரே தன் சொந்த ஊரில், சொந்த மொழியில் கவிதை எழுதி, அந்தப் பெயரில்தான் கையெழுத்துப் போட்டார்.

கியோர்கியின் விதவை ராணி மரியம் கதையும் இங்கே வரவேண்டும். 1803 ஏப்ரலில் அவரை ரஷ்யாவுக்கு அழைத்துப் போக லாசரெவ் என்ற ஜெனரல் அரண்மனைக்குள்ளேயே வந்து நின்றார். ராணி கத்தியை எடுத்துக் குத்திக் கொன்றுவிட்டார். பிறகு அவரை ரஷ்யாவில் ஒரு மடத்தில் அடைத்தார்கள். பெத்ரேவின் ரத்தத்தில் அந்தக் கத்தியும் ஓடியது.

5 பிப்ரவரி, சற்றுப் பொறுத்து

மேலே கடைசி வரி தவறு. மரியம் ராஜாவின் இரண்டாவது மனைவி. பெத்ரேவின் பூட்டன் பக்ரத், முதல் மனைவியின் மகன். ஆக மரியம் இவருக்கு ஓட்டி முறை வரலாம், ரத்த உறவு இல்லை. அழிக்காமல் விட்டுவைக்கிறேன்.

6 பிப்ரவரி

"பாட்டு பாட்டு என்கிறீர்கள், எந்தப் பாட்டு?" என்று மூன்று பேர் கேட்டாகிவிட்டது.

பாட்டின் பெயர் 'திபிலீசோ'. வரிகள் இவர், இசை ரேவாஸ் லாகிட்ஸே. 1966-ல் வந்த 'மலைகளில் சந்திப்பு' என்ற படத்துக்காகச் செய்தது. நானி பிரெக்வாட்ஸே பாடி உலகம் முழுக்கப் போனது. இன்றைக்கும் திபிலீசிக்கு ஒரு பாட்டு என்றால் இதுதான். வேறு யோசனையே வராது.

எனக்கு இது வந்த வழி வேறு. டாக்டருக்குப் படிக்க திபிலீசி போனவர்களில் நானும் ஒருத்தி. ஆறு வருடம். முதல் வருடம் விடுதியில் சரிப்படவில்லை. அப்புறம் சபுர்தாலோ என்ற பகுதியில் ஒரு வயதான அம்மாவின் வீட்டில் ஓர் அறை எடுத்தேன். பள்ளியில் இசை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பெபியா என்று கூப்பிடுவேன், பாட்டி என்று பொருள். மொழியே வராமல் திணறிக்கொண்டிருந்த எனக்கு அவர் சொல்லிக்கொடுத்த முதல் இலக்கணம் இந்தப் பாட்டின் தலைப்பு.

ஊரின் பெயர் திபிலீசி. கூப்பிடும்போது கடைசி இகரம் போய் ஓகாரம் வரும்: திபிலீசோ. அதாவது, திபிலீசியே! கேட்டதும் எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. ஐயா, இது நம் எட்டாம் வேற்றுமை! பள்ளியில் தமிழம்மா விளி, விளி என்று உருப்போட வைத்த அதே வேற்றுமை. எங்கள் மொழியிலும் உண்டு என்று பெபியாவிடம் சொன்னேன். "அப்படியானால் உனக்கு இந்தப் பாட்டு புரியும்" என்றார்.

பாட்டில் நடப்பது அவ்வளவுதான். ஒருவன் தன் ஊரைக் கூப்பிடுகிறான். நரிகாலாக் கோட்டை வருகிறது, நரைத்த தலையோடு ம்தாட்ஸ்மிண்டா மலை வருகிறது, வெயிலும் ரோஜாவும் வருகின்றன. நீ இல்லாவிட்டால் உயிரே வேண்டாம் என்கிறான். லெனின் இல்லை, கட்சி இல்லை, உழைப்பாளர் கொடி இல்லை, மகத்தான சகோதர மக்கள் இல்லை. ராஜாவும் இல்லை. தன் முன்னோர் கட்டிய ஊரைப் பற்றி எழுதும்போதுகூட ராஜாவைக் கொண்டுவரவில்லை இந்த மனிதர். இதைக் கூலி வேலை என்று எப்படிச் சொல்வது?

7 பிப்ரவரி

"முன்னோர் கட்டிய ஊர்" தவறு என்று ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார். சரிதான். திபிலீசியை உண்டாக்கியதாகச் சொல்லப்படுபவர் ஐந்தாம் நூற்றாண்டு ராஜா வக்தாங் கோர்கசாலி. வேட்டைக்குப் போனபோது பருந்தும் அது பிடித்த பறவையும் வெந்நீர் ஊற்றில் விழுந்ததைப் பார்த்து, இங்கே ஊர் எழும்பட்டும் என்றாராம். 'திபிலி' என்றால் வெதுவெதுப்பு. அபனோதுபானி கந்தகக் குளியல் கூடங்களில் அந்த நீர் இன்றும் வருகிறது. அவர் பக்ரதியோனி இல்லை. பக்ரதியோனிகளில் தாவித் ராஜா 1122-ல் ஊரை மீட்டுத் தலைநகராக்கினார்.

கட்டிய ஊர் இல்லை, மீட்ட ஊர். என் வாதத்துக்கு இது இன்னும் நல்லதுதான்.

7 பிப்ரவரி, இரவு

விட்டுப்போனது: அவர் எழுதிய ஒரே சினிமாப் பாட்டு இல்லை அது. 1954-ல் வந்த 'சிரிசினா' படத்தில் சுல்கான் த்ஸின்த்ஸாட்ஸே இசையமைத்த 'உன் ஒருத்திக்கு மட்டும்' பாட்டும் இவர் வரிகள்தான். காதல் பாட்டு. பெபியாவுக்கு அது இன்னும் பிடிக்கும்.

10 பிப்ரவரி

முதலில் கேட்ட வாசகர் மறுபடி வந்து நியாயமான ஒன்றைச் சொல்லியிருக்கிறார்: "கட்சி இல்லாத பாட்டு எழுதுவது பெரிய எதிர்ப்பா? ஆட்சிக்கு அது வசதிதானே? ஊர்ப் பாசம் பாடு, கோட்டை மலையைப் பாடு, மற்றதைக் கேட்காதே."

மூன்று நாளாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. 1966-ல் திபிலீசியில் அப்படி ஒரு பாட்டு வரலாம் என்று யாரோ மேலே தலையாட்டியிருப்பார்கள். எதிர்ப்பு என்ற சொல்லை நான் பயன்படுத்தமாட்டேன்.

ஆனால் அந்த ஊரில் கவிஞன் என்றால் என்ன ஆனது என்பதையும் வைத்துப் பாருங்கள். 1937 ஜூலை 22. பாவ்லோ யாஷ்விலி, எழுத்தாளர் சங்கக் கட்டடத்துக்குள்ளேயே துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு செத்தார். நண்பர்களைத் துரோகி என்று சொல்லும்படி அழுத்தியதன் முடிவு அது. அவருடைய உயிர் நண்பர் தித்ஸியான் தபீட்ஸேயை அக்டோபரில் பிடித்தார்கள், டிசம்பரில் சுட்டார்கள். நாவலாசிரியர் மிகைல் ஜவகிஷ்விலியைச் சுட்டது செப்டம்பரில். அதே டிசம்பரில், அதே திபிலீசியில், ஜார்ஜியாவின் பழம்பெரும் கவிஞர் ருஸ்தவேலியின் 750-ஆம் ஆண்டு விழா. பல நாட்டு எழுத்தாளர்களை வரவழைத்து மேடை போட்டுக் கொண்டாடினார்கள். பெரும் கவிஞனுக்கு விழா எடுத்த மாதத்திலேயே இருக்கும் கவிஞனைக் கொன்றார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே உட்கார்ந்திருந்தவர் இளவயதில் ஜார்ஜிய மொழியில் கவிதை எழுதியவர். 1895-ல் இலியா சவ்சவாட்ஸே நடத்திய 'இவேரியா' பத்திரிகையில் ஸ்டாலினின் கவிதைகள் வெளியாகியிருக்கின்றன. எனவே கவிதை என்ன செய்யும் என்று தெரியாத ஆட்சி இல்லை அது.

இதையெல்லாம் பதினேழு வயதில் அதே தெருக்களில் நடந்தபடி பார்த்த பையன் பெத்ரே. மற்றவர்களைப் பிடிக்க ஆட்சி குற்றம் ஜோடிக்க வேண்டியிருந்தது. இவருக்குப் பிறப்புச் சான்றே போதும்.

இன்னொரு கவிஞர் கலாக்தியோன் தபீட்ஸே, பட்டங்களும் விருதுகளும் நிறைய வாங்கியவர். அவர் மனைவி ஓல்காவை 1941-ல் சுட்டார்கள். 1959-ல் மருத்துவமனை ஜன்னலிலிருந்து குதித்துச் செத்தார் கலாக்தியோன். அவரையும் கூலி வாங்கியவர் என்பீர்களா? பட்டத்தை வைத்து ஆளை எடைபோடும் தராசு அந்த ஊருக்குச் செல்லாது. பெத்ரேவுக்குப் பட்டம் வந்தது 1979-ல். அவருக்கு வயது ஐம்பத்தொன்பது.

11 பிப்ரவரி

"இவர்தான் உண்மையான வாரிசா, ஸ்பெயினில் இருந்தவர்களா?" என்று கேட்டவருக்கு: பக்ரதியோனி வம்சத்தில் முக்ரானி கிளை என்று இன்னொன்று உண்டு. வம்ச வரிசையில் அதுதான் மூத்தது என்பது அவர்கள் பக்கத்துப் பேச்சு. கடைசி ராஜாவின் நேர் வழி நாங்கள் என்பது குருஸின்ஸ்கி பக்கத்துப் பேச்சு. பெத்ரேவின் மகன் நுக்ஸாருக்குப் பெண்கள்தான். மூத்தவர் அன்னாவுக்கும் முக்ரானி கிளை தாவிதுக்கும் 2009 பிப்ரவரியில் திபிலீசி சமேபா பேராலயத்தில் கல்யாணம் நடந்தது. நான் போவதற்குச் சில வருடம் முன்பு. பின்னால் அவர்கள் பிரிந்துவிட்டார்கள். 2011-ல் பிறந்த மகனுக்குக் கியோர்கி என்று பெயர்.

கிரீடச் சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. இதற்கு மேல் எழுதமாட்டேன்.

15 பிப்ரவரி

ராஜாவுக்கும் கவிதைக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்விக்கு, அந்த வம்சத்தில் சம்பந்தம் ரொம்பவே உண்டு. ஆறாம் வக்தாங் கவிஞர். திபிலீசியில் அச்சகம் வைத்து 1712-ல் ருஸ்தவேலியை முதன்முதலில் அச்சிட்டவர். முதலாம் தெய்முராஸ் இன்னும் பெரிய கவிஞர். அவருடைய தாய் ராணி கேதெவான். மதம் மாற மறுத்ததற்காகப் பாரசீக மன்னர் ஷா அப்பாஸின் ஆணைப்படி 1624-ல் ஷிராஸில் சித்திரவதை செய்து கொல்லப்பட்டவர். மகன் தாயின் சாவைக் கவிதையாக எழுதினார்.

இந்த இடத்தில் நம் நாடும் வருகிறது. கேதெவானின் எலும்புகளில் ஒரு பங்கை அகஸ்தீனியப் பாதிரிமார் கோவாவுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். பழைய கோவாவில் இடிந்து கிடக்கும் அகஸ்தீனியர் தேவாலயத்தில் தோண்டி எடுத்து, ஐதராபாத் ஆய்வுக்கூடத்தில் மரபணுச் சோதனை செய்து, 2021 ஜூலையில் இந்தியா ஒரு பகுதியை ஜார்ஜியாவிடம் கொடுத்தது. செய்தி வந்த அன்று பெபியா எனக்குப் போன் செய்தார். எலும்பை நானே கையில் ஏந்திக் கொண்டுவந்து கொடுத்ததுபோல நன்றி சொன்னார். எனக்குப் பேச்சு வரவில்லை.

தாயின் சாவைக் கவிதையாக்கிய ராஜாவின் வம்சத்தில், ஊரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் பெத்ரே. இதை முதல் குறிப்பிலேயே எழுதியிருக்க வேண்டும்.

16 பிப்ரவரி

உச்சரிப்பு கேட்டவருக்கு: முதல் எழுத்தில் 'தி' என்று இகரம் கிடையாது. 'த்பிலீசி'. த் என்னும்போது கொஞ்சம் காற்று வெளியே வரவேண்டும். பெபியா என் வாய்க்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, அது ஆடினால்தான் சரி என்பார். முதல் மாதம் முழுக்க அசையவே இல்லை.

20 பிப்ரவரி

ஞாயிற்றுக்கிழமை பெபியாவிடம் பேசினேன். எண்பத்திரண்டு வயது, முட்டி வலி, குரல் மட்டும் அப்படியே. இங்கே நடக்கும் விவாதத்தைச் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். இல்லை. ரொம்ப நேரம் பேசினார். தொடர்பில்லாமல் சொன்னதை அப்படியே தருகிறேன்.

நவம்பர் 7, ரஷ்யப் புரட்சி நாள் விழாவுக்குப் பள்ளியில் ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளைப் பாடவைக்க வேண்டும். பட்டியல் மேலிருந்து வரும். லெனின் பாட்டு ஒன்று, கட்சிப் பாட்டு ஒன்று, ரஷ்ய மொழியில் இரண்டு. கடைசியில் ஜார்ஜியப் பாட்டு ஒன்றுக்கு இடம் இருக்கும். பெபியா இதையே போடுவார். மறுக்க அதில் எதுவும் இல்லை. மற்ற பாட்டுகளுக்குப் பிள்ளைகள் வாயை அசைப்பார்கள். இதற்கு மட்டும் கத்துவார்கள். கத்தாதே, பாடு என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதாம்.

1978-ல் புதிய அரசியல் சட்ட வரைவிலிருந்து ஜார்ஜிய மொழிக்கு இருந்த அரச மொழித் தகுதியை எடுக்கப் பார்த்தார்கள். ஏப்ரல் 14 அன்று ஆயிரக்கணக்கானவர்கள் தெருவுக்கு வந்தார்கள், பெரும்பாலும் மாணவர்கள். பெபியாவும் போனார், பள்ளியில் தலைவலி என்று சொல்லிவிட்டு. ஆட்சி பின்வாங்கியது. மொழி சட்டத்தில் அப்படியே நின்றது. "அன்றைக்கு வந்த பிள்ளைகள் வளர்ந்த வருடங்களில் வானொலியைத் திறந்தால் கேட்டது எந்தப் பாட்டு என்று உங்கள் ஆளிடம் கேள்" என்றார்.

இதற்கு நான் என்ன பதில் சொல்வது? பாட்டினால்தான் கூட்டம் வந்தது என்று பெபியாவும் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆனால் எட்டாம் வேற்றுமையை அந்தப் பிள்ளைகள் வாயில் தினமும் வைத்தது அந்தப் பாட்டு.

இன்னொன்றும் சொன்னார். ஜார்ஜியாவில் யாராவது உங்களைக் கூப்பிட்டால் 'பதோனோ' என்று பதில் கொடுக்க வேண்டும். பதோனி என்றால் பிரபு, எசமான். அதன் விளி பதோனோ. சோவியத் காலத்தில் அதை ஒழித்துவிட்டு 'அம்கனகோ', தோழரே, என்று கூப்பிடச் சொன்னார்கள். கூட்டங்களில் தோழரே, வீட்டிலும் கடையிலும் பதோனோ. பேருந்து ஓட்டுநரும் பதோனோ, பேராசிரியரும் பதோனோ. "ஊர் முழுக்க எல்லாரும் பிரபுக்களாக இருந்தோம். அதில் உண்மையான அரசகுமாரன் ஒருவர் எங்களைப் போலவே நடந்து போனார்" என்றார்.

21 பிப்ரவரி

முதல் வாசகர், "நீங்கள் சொல்வது சரி, ஆனாலும் அவர் ஒரு முறையாவது நேரடியாக எதிர்த்து எழுதியிருக்கலாம்" என்கிறார்.

கைதானது நேரடியானதுதான், ஐயா. ஒரு தடவை உள்ளே போய் உயிரோடு திரும்பிய மனிதரிடம் இன்னொரு தடவை போயிருக்கலாமே என்று, இங்கே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு என்னால் சொல்ல முடியாது. 3-ஆம் தேதி நான் எழுதியதில் கோபம் அதிகம். உங்களைக் குற்றம் சொல்வதாகத் தொனித்திருந்தால் மன்னியுங்கள். வாதத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

1984 ஆகஸ்டில் அவர் இறந்தார். நாடு மறுபடி சுதந்திரம் அடைய இன்னும் ஏழு வருடம் இருந்தது.

25 பிப்ரவரி

பெபியா ஒரு படம் அனுப்பியிருக்கிறார். பேத்தியின் போனில் எடுத்தது, ஓரத்தில் அவர் கட்டைவிரலும் விழுந்திருக்கிறது. பள்ளியில் வைத்திருந்த பழைய இசைத் தாள். பழுப்பேறி, மடிப்பில் ஒட்டுப் போட்டது. தலைப்பில் 'திபிலீசோ'. இடப்பக்கம் லாகிட்ஸே பெயர். வலப்பக்கம் வரிகள் எழுதியவர் பெயர், ஜார்ஜிய எழுத்தில், பெ. குருஸின்ஸ்கி. அந்த ரஷ்யப் பெயரின் முன்னால் பென்சிலால் சின்னதாக ஒரு சொல் சேர்த்திருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். 'பதோனி'.

எப்போது எழுதினீர்கள் என்று கேட்டேன். நினைவில்லை என்றார். எழுபதுகளில் இருக்கலாம், விழாவுக்கு முந்தின நாள் பிள்ளைகளைக் கத்தாமல் பாடவைக்கப் பழக்கிக்கொண்டிருந்தபோது.